நான் துடைத்த கரகரப்பு

மார்ச் 4, செவ்வாய்

ஒலிக்கூடத்தில் புது நாற்காலி. அசைந்தால் கீச்சென்கிறது. சத்தமே வரக் கூடாத அறைக்கு இப்படி ஒன்றை வாங்கிப் போட்ட புண்ணியவான் யாரோ. எண்ணெய் தேடி அலைந்ததில் அரை நாள் போயிற்று.

மாலையில் மின்னல் கூப்பிட்டாள். எங்கள் இயக்குநர். முடிவெடுக்கிற வேகத்துக்கு நாங்கள் வைத்த பெயர் அது, அவளுக்கே தெரியும். ‘கருநகரம்’ விளையாட்டு மறுபடி வருகிறதாம். முதல் இரண்டும் பெரிய திரைக்கு வந்தவை, இது கைபேசிக்கு. ஒரு பேருந்துப் பயணத்துக்குள் முடிகிற சின்னச் சின்னக் கட்டங்கள், ஆடுவதற்குக் கட்டைவிரல் போதும். கையையும் கண்ணையும் கம்பெனிக்கு விற்றுவிட்டு இரும்புக் கையோடு ஓடுகிற அதே நாயகன். அவன் காதுக்குள் ‘இடது, குனி, ஓடு’ என்று வழி சொல்கிற அதே தரகன்.

தரகனுக்குக் குரல் கொடுத்தது என் அண்ணன். புற்றுநோய் வந்து அவனுக்குக் குரல்வளையை எடுத்து ஆறு வருடம் ஆகிறது.

அதைத்தான் சொன்னேன். “தெரியும்க்கா. பழைய பதிவைக் கேட்டுக் கத்துக்கிட்டு கம்ப்யூட்டரே புது வசனம் பேசிடும். அவர் கையெழுத்து மட்டும் வேணும். அவர் போன்லயும் அதே குரலைப் போட்டுத் தர்றோம். டைப் பண்ணா பேசும்” என்றாள். அண்ணனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

அண்ணன் வீட்டுக்குப் போனேன். காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் கூவியவன் அவன். வாயைத் திறந்தால் மூன்று தெரு தள்ளிக் கேட்கும். இப்போது அதே சந்தையில் சீட்டு எழுதுகிறான். மூச்சு விடுவதற்குக் கழுத்தில் ஒரு துளை, அதன் மேல் துணி. தொண்டையில் அழுத்திப் பேசுகிற கருவி ஒன்று கொடுத்தார்கள். ஒரே நாள் வைத்துப் பார்த்துவிட்டு, “வண்டு கத்துற மாதிரி இருக்கு” என்று எழுதிக் காட்டி அலமாரியில் போட்டான். எதுவானாலும் கைப்பலகையில்தான்.

விஷயத்தைச் சொன்னதும் பலகையை எடுத்தான். எழுதினான், அழித்தான், மறுபடி எழுதினான். “போன்ல பேசும்னா, சந்தையில கூவ முடியுமா?” அண்ணி சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. உண்மையாகவே கேட்டிருக்கிறான். அப்புறம் இன்னொன்று: “கழுத்துல ஓட்டை, பெட்டியில குரல். நானே கருநகரத்து ஆள் ஆயிட்டேன்.”

கிளம்பும்போது வாசல்வரை வந்து, கையெழுத்துப் போட வேண்டிய தாளைச் சீக்கிரம் அனுப்பு என்று சைகை காட்டினான். அவனை இவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று.

மார்ச் 12, புதன்

முதல் விளையாட்டின் பதிவுகளைக் கைபேசியில் போட்டுக் கேட்டோம். தரகனையே காணோம். அண்ணனுடையது அடித்தொண்டையிலிருந்து வருகிற கனத்த குரல். கைபேசியின் குட்டி ஒலிபெருக்கியில் அந்தக் கனம் ஏறுவதில்லை. துப்பாக்கிச் சத்தத்துக்கு அடியில் அமுங்கிப் போகிறது. இரண்டாவது விளையாட்டிலும் அதே கதைதான்.

“நீங்க இரைச்சலைத் துடைக்கிறதுக்கு முன்னாடி இருந்த மூலப் பதிவு இருக்காக்கா?” என்றாள் மின்னல். இருக்கிறது. எதையும் தூக்கி எறியாத ஜென்மம் நான்.

மார்ச் 14, வெள்ளி

இரண்டாவது விளையாட்டின் மூலப் பதிவைத் திறந்தேன்.

கரகரப்பு.

முதல் வாரம் லேசாக, வாக்கியம் முடிகிற இடத்தில் மட்டும். ஆறாம் வாரம் எல்லா வாக்கியத்திலும். பத்தாம் வாரம் மணலை அரைக்கிற மாதிரி. மொத்தம் நாலு மாதம் பதிவு செய்தோம். ஒவ்வொரு நாளும் பதிவு முடிந்ததும் உட்கார்ந்து, அந்தக் கரகரப்பை என் கையாலேயே சொல் சொல்லாகத் துடைத்திருக்கிறேன். வெளியே போனது பளிங்குக் குரல். நல்ல வேலை என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

பதிவு முடிந்து இரண்டு மாதம் கழித்துத்தான் அவன் டாக்டரிடம் போனான். “கரகரப்பு ஆரம்பிச்சப்பவே வந்திருந்தா கதிர்வீச்சு சிகிச்சையிலயே முடிச்சிருக்கலாம். குரல் தங்கியிருக்கும்” என்று அவர் சொன்னபோது நானும் அதே அறையில் நின்றிருந்தேன். நின்று கேட்டேனே. அப்போது ஏன் எனக்கு உறைக்கவில்லை? மறந்துவிட்டேனா? மறக்க விரும்பினேனா?

மார்ச் 15, சனி

ஒரு வாய் இறங்கவில்லை.

மார்ச் 17, திங்கள்

மீதியையும் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

பத்தாம் வாரம். ஒரு வசனம் முடிந்து அண்ணன் இருமுகிறான். “என்னமோ தொண்டை ஒரு மாதிரியா இருக்கு. யாருகிட்டயாவது காட்டணுமோ?” என்கிறான். அதற்குப் பதில் என் குரல். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் பேசியது அவன் காதில் மாட்டியிருந்த ஹெட்போனிலிருந்து கசிந்து மைக்கில் விழுந்திருக்கிறது. சின்னதாக, ஆனால் தெளிவாக. “அதெல்லாம் ஒண்ணும் இல்லண்ணா. நான் எடுத்துடுறேன். நீ அடுத்தது பேசு.”

அவன் சிரிக்கிறான். “பாம்புக்காதுக்காரி, நீயே சொல்லிட்ட. அப்புறம் என்ன?” அடுத்த வசனத்தைப் பேசுகிறான்.

எனக்கு அவன் வைத்த பெயர் அது. எறும்பு நடந்தால்கூட என் தங்கச்சிக்குக் கேட்கும் என்று சந்தை முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். கேட்டு என்ன பிரயோஜனம். எனக்குக் கேட்டது அழுக்கு. துடைக்க வேண்டிய அழுக்கு. என் அண்ணன் தொண்டைன்னு ஒரு நாள் தோணுச்சா எனக்கு? காட்டணுமோன்னு அவனே கேட்டானே. வாய் விட்டுக் கேட்டானே. ஆமாண்ணா, காட்டுன்னு நான் சொல்லியிருந்தா — அவ்வளவுதானே. சொல்றதுக்கு என்ன கேடு எனக்கு? சனியன் பிடிச்ச காது.

மார்ச் 18, செவ்வாய்

மின்னல் வந்து, கேட்காமலே என் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள். பத்து நொடிகூட ஆகியிருக்காது. “இதைப் போய் ஏன்க்கா துடைச்சீங்க?”

அப்போதே கைபேசியில் ஏற்றிப் பார்த்தாள். கனம் ஏறாத அந்தக் குட்டி ஒலிபெருக்கியில் கரகரப்பு மட்டும் பளிச்சென்று வருகிறது. விளையாட்டில் வரும் துப்பாக்கிச் சத்தத்துக்கு மேலே, ரயில் சத்தத்துக்கு மேலே, எல்லாவற்றுக்கும் மேலே. “இதுதான் தரகன். கம்ப்யூட்டருக்கு இதைத்தான் கத்துக்கொடுக்கப் போறோம். இப்படி நடிச்சாராக்கா அவர்?”

“நடிக்கல. நோய்” என்றேன்.

கைபேசியில் ஓடியதை நிறுத்தினாள். “மன்னிச்சிடுங்கக்கா” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “ஆனா...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். அந்த ‘ஆனா’ போதும், புரிந்துவிட்டது. விளையாட்டிலும் இந்தக் குரல்தான் வரப்போகிறது, அண்ணனுடைய போனிலும் இதுதான். கேட்ட அன்றே, இது எந்த வருஷத்துக் குரல் என்றும், அந்தக் கரகரப்பு எனக்கு அப்போதே கேட்டிருக்கும் என்றும் அவனுக்குத் தெரிந்துவிடும்.

மார்ச் 20, வியாழன்

பதினாறு வாரப் பதிவையும் தேர்ந்தெடுத்து ‘அழி’ என்று கொடுத்தேன். ‘உறுதியாகவா?’ என்று கேட்டது. கோப்பு கெட்டுப் போயிற்று என்று சொன்னால் யார் நம்பமாட்டார்கள்?

அழிக்கவில்லை. நல்லவள் என்பதால் இல்லை. வசனத்துக்கு வசனம் நடுவில் அவன் கொட்டாவி விடுகிறான், என்னைக் கேலி செய்கிறான், தக்காளி விலையைக் கூவிக் காட்டுகிறான். அவன் சும்மா பேசியது உலகத்தில் வேறெங்கும் இல்லை.

மார்ச் 23, ஞாயிறு

சொல்லிவிடுவது என்று போனேன். அண்ணன் குளித்துக்கொண்டிருந்தான். அண்ணி வெங்காயம் உரித்தபடி அவளாகவே ஆரம்பித்தாள். “குரல் திரும்ப வருதுன்னதும் எனக்குப் பழசெல்லாம் ஞாபகம் வருது. தொண்டை கட்டினப்ப வெந்நீர் வச்சுக் கொடுத்துக் கொடுத்தே நாளைக் கடத்திட்டேன். கூவுறவருக்குத் தொண்டை கட்டாம வேற என்ன கட்டும்னு நினைச்சேன். இழுத்துட்டுப் போயிருக்கணும். நான்தான் கெடுத்தேன்.”

ஆறு வருஷமாக இவள் இப்படி வெந்துகொண்டிருக்கிறாள். “நீங்க என்ன பண்ணுவீங்க அண்ணி” என்று சொன்னேன். அதைச் சொல்ல மட்டும் நாக்கு எழுந்தது. மிச்சத்தை மென்று விழுங்கிவிட்டு, அண்ணன் ஈரத் தலையோடு வந்து சிரித்ததும் நானும் சிரித்துவிட்டு வந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற எனக்குச் சோறு ஒரு கேடா.

மார்ச் 25, செவ்வாய்

வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டுமாம். தாள் என் பையில் இருக்கிறது. கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு போடுவான். விஷயம் தெரியாதவனிடம் கையெழுத்து வாங்குவதற்குத் திருட்டு என்றுதான் பெயர். சொன்னால் அண்ணனை இழப்பேன். சொல்லாவிட்டால்? அவன் போனே ஒரு நாள் அவனுக்குச் சொல்லும். அப்போதும் இழப்பேன், கூடவே ஏமாற்றுக்காரி என்ற பட்டமும்.

தற்செயலாக நான் செத்துப்போனால் நன்றாக இருக்கும் என்று பேருந்தில் வரும்போது தோன்றியது. எழுதினால் அசிங்கமாக இருக்கிறது. ஆனால் தோன்றியது.

மார்ச் 27, வியாழன்

அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன். அண்ணன் சந்தையிலிருந்து வந்து சாப்பிட்டு முடித்திருந்தான். “அண்ணா, ஒண்ணு சொல்லணும்” என்றேன். ஹெட்போனை அவன் காதில் மாட்டிப் பத்தாம் வாரத்தைப் போட்டுவிட்டேன்.

முதலில் முகம் மலர்ந்தது. தன் குரலைக் கேட்டு எத்தனை நாள் ஆகிறது. தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான். அந்த இடம் வந்ததும் தலை நின்றுவிட்டது. மறுபடி போடு என்று விரலால் காட்டினான். மூன்று தடவை கேட்டான். பிறகு ஹெட்போனைக் கழற்றி, அதன் ஒயரை ஒழுங்காகச் சுற்றி மேசையில் வைத்தான்.

“கரகரப்பு உனக்கு அப்பவே கேட்டுச்சா?” என்று எழுதினான்.

“கேட்டுச்சுண்ணா.”

அழித்தான். “எப்பலேர்ந்து?”

“முதல் வாரத்துலேர்ந்து.”

பலகையைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனான். அண்ணி கையில் தண்ணீரோடு கதவருகே நின்றிருந்தாள். நான் சொன்ன பதில்கள் அவளுக்கும் கேட்டிருக்கும். தண்ணீரைக் கொடுக்கவில்லை. தாளை மேசையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

மார்ச் 28, வெள்ளி

கையெழுத்து வரவில்லை. கேட்கவும் மாட்டேன் என்று மின்னலிடம் சொல்லிவிட்டேன். காரணத்தையும் சொன்னேன். முழுக்க.

ஏப்ரல் 6, ஞாயிறு

நான் அனுப்பிய செய்தி எதையும் அண்ணன் திறக்கவில்லை. நேரில் போனேன். அண்ணி கதவைப் பாதி திறந்து, உள்ளே வா என்று சொல்லாமல் நின்றாள்.

“தூங்கறாரு” என்றாள். உள்ளே தொலைக்காட்சி ஓடியது, அலைவரிசை மாறிக்கொண்டே இருந்தது. “உன்னை என்ன சொல்றதுன்னே தெரியல. இத்தனை வருஷமா என்னையே திட்டிட்டு இருந்தேன். இப்போ திட்ட வேற ஆள் கிடைச்சாச்சு. நிம்மதியா இருக்கும்னு பார்த்தா, இல்லையே.”

“வேணும்னு செய்யல அண்ணி.”

“தெரியும். அதான் கோபப்படக்கூட முடியல. போயிட்டு வா.”

போயிட்டு வா என்றாள், போ என்று சொல்லவில்லை. இதைப் பிடித்துக்கொண்டு நாலு நாள் ஓட்டலாம்.

ஏப்ரல் 8, செவ்வாய்

நாலு நாள் ஓடவில்லை. இன்று ஒலிக்கூடத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் எதையும் போடாமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டிருந்தேன். மின்னல் என்னை இந்த வேலையிலிருந்து விலக்கி வேறொருவரிடம் கொடுத்துவிட்டாள். “தண்டனை இல்லக்கா, உங்களால முடியல” என்றாள். உண்மைதான்.

ஏப்ரல் 19, சனி

யாரிடமும் பேசவில்லை. யாரும் பேசவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

அண்ணனுடைய கையெழுத்து வந்துவிட்டது, நேராக மின்னலுக்கு. தாளைக் காட்டினாள். அடியில் அவன் கையால் எழுதியிருக்கிறான்: ‘இரண்டாம் விளையாட்டுப் பதிவை மட்டும் எடுக்கவும். எதையும் துடைக்கக் கூடாது. என் போனுக்கு முதலில் தரவும்.’

எனக்கென்று ஒரு வரி இருக்குமோ என்று பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன். வெற்றுத் தாள்.

மே 6, செவ்வாய்

குரல் தயாராகிவிட்டது. மின்னலே அண்ணன் வீட்டுக்குப் போய் அவன் போனில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள். “எப்படி இருந்தார்?” என்று கேட்டேன். “ஒண்ணும் பேச வச்சுப் பார்க்கலக்கா. அப்புறம் பார்த்துக்கறேன்னு எழுதிக் காட்டினார்” என்றாள். பக்கத்து அறையில் தரகனுக்கு வசனம் ஏற்றுகிறார்கள். என் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மே 9, வெள்ளி

காலை பதினொன்றேகாலுக்கு அண்ணனுடைய எண்ணிலிருந்து குரல் செய்தி. இரண்டு நிமிடம் பத்து நொடி. அவனிடமிருந்து இப்படி ஒன்று வந்தே ஆறு வருடம் ஆகிறது. படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டேன்.

“நான்தான். மூணு நாளா டைப் பண்ணிட்டு இருக்கேன். முழுசாக் கேளு. அன்னிக்கு நான் உன்கிட்ட கேட்டேன். ஏன் கேட்டேன்? என் குரலை உன்னை விட நல்லாத் தெரிஞ்சவங்க யாரு இருக்கா? நீ ஒண்ணும் இல்லேன்னு சொன்ன, நான் நம்பிட்டேன். உனக்கு வேலை முடியணும். அண்ணன் எக்கேடு கெட்டா என்ன. ஒரு நாள் பதிவை நிறுத்தினா உன் கம்பெனி மூழ்கிடுமா? அறிவு இருந்துச்சா உனக்கு? உங்க அண்ணி தன்னையே குத்தம் சொல்லிட்டு அழுதாளே, அவ முகத்தை எப்படிடீ பார்த்த?”

நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்துகிறது, மூச்சே விடாமல் பேசுகிறது. இயந்திரம்தான். ஆனால் அந்த ‘டீ’ அவன்தான்.

“எனக்குக் கோபம். ரொம்பக் கோபம். பலகையில எழுதிப் பார்த்தேன், எழுதினா சின்னதாத் தெரியுது. அழிச்சா போயிடுது. அதுக்காகத்தான் கையெழுத்துப் போட்டேன். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. இன்னும் மீதி இருக்கு. அதை நேர்லதான் திட்டணும்.”

படிக்கட்டில் யாரோ ஏறிப் போனார்கள், நான் அழுவதைப் பார்த்துவிட்டு வேகமாகப் போனார்கள். இன்னொரு முறை கேட்டேன்.

ஞாயிறு வருகிறேன், எனக்கு எதுவும் சமைக்க வேண்டாம் என்று அண்ணிக்கு எழுதினேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. “வெறும் வயித்துல அவ்வளவு திட்டும் தாங்காது. சாப்பிட்டுட்டு வாங்கிக்கோ.”