எங்கள் கல் தப்பாது என்று நான் சொன்ன நாள்

என் வாயாடி அண்ணனுக்கு,

நீ போய் நான்கு மாதமாகிறது. நீ இருந்தவரை உன்னிடம் ஒரு வாதத்தில்கூட நான் ஜெயித்ததில்லை. இப்போது நீ பதில் பேச முடியாத இடத்தில் இருக்கிறாய் என்பதற்காக விட்டுக்கொடுப்பேன் என்று நினைக்காதே. திங்கட்கிழமை எனக்கு ஆபீசில் விசாரணை. வேலை இருக்குமா போகுமா என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். அதற்கு முன்னால் உன்னிடம் பேசியாக வேண்டும்.

அண்ணி தேறிவருகிறார். உன் வண்டியை இப்போது அவர் தம்பி ஓட்டுகிறார். அதே எலெக்ட்ரானிக் சிட்டி, அதே கம்பெனி, அதே ஷிப்ட். உன்னைப் போல வழியெல்லாம் பேசிக்கொண்டு வருவதில்லை என்று அதில் வேலைக்குப் போகிற பெண்கள் சொல்கிறார்களாம். நிம்மதியாகச் சொல்கிறார்களா, வருத்தமாகவா என்று நான் கேட்கவில்லை.

பக்கத்து ஹெப்பகோடியில், எடைக்கல் சோதனைக்கூடத்தில் நான் பார்க்கும் வேலை உனக்கு எப்போதும் வேடிக்கைதான். மருந்துக் கம்பெனிகளும் நகைக்கடைகளும் கல்லூரிகளும் தங்கள் எடைக்கற்களை எங்களிடம் அனுப்பும். எங்கள் கல்லோடு ஒப்பிட்டு, சரி அல்லது தவறு என்று சர்டிஃபிகேட்டில் நான் கையெழுத்துப் போடுவேன். உங்கள் கல் சரி என்று யார் சொன்னது என்று ஒருநாள் டோல்கேட் வரிசையில் நிற்கும்போது கேட்டாய். எங்கள் கல்லைச் சோதிக்க எங்களுக்கு மேலே ஒரு கூடம் இருக்கிறது என்றேன். அதற்கு மேலே? டில்லியில் இருக்கும் தேசியக் கூடம் என்றேன். அதற்கும் மேலே? நான் திணறியதும் உனக்குக் குஷி வந்துவிட்டது.

“பாத்தியா, மேல போகப் போக நீயும் கண்ணால பாக்கல. யாரோ சொன்னாங்க, நம்பிட்ட. நான் மாலை போட்டா மட்டும் மூடநம்பிக்கையா?”

அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். நீ அதையும் வெற்றிக் கணக்கில் சேர்த்துக்கொண்டாய்.

ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் உன் வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு, என் கல்லுக்கும் ஒரு பொட்டு வைக்கச் சொல்லிச் சீண்டுவாய். எங்கள் கூடத்தில் கதவுக்கும் மேசைக்கும் பெட்டிக்கும் பொட்டு உண்டு, கல்லுக்குக் கிடையாது. கல்லை இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். விரலில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கே எடையைக் கூட்டிவிடும். பதினோரு வருடமாக நான் ஒரு நாளும் அந்த விதியை மீறியதில்லை. இந்த வருடம் எல்லோரும் பொரி கடலைக்காக வாசலுக்குப் போனபோது, ஒரு கிராம் கல்லை வெறும் விரலால் எடுத்து, அதன் தலையில் பொட்டு வைத்தேன். அழுதேன். பிறகு துணியால் நன்றாகத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். சாமிக்காக இல்லை, உனக்காக.

அடுத்த மூன்று வாரத்தில் எட்டு இடங்களிலிருந்து ஒரு கிராம் கற்கள் வந்தன. எட்டும் எடை குறைவு. தேய்ந்துவிட்டது, தவறு, தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எட்டுப் பேரின் கல்லையும் சந்தேகப்பட்ட எனக்கு என் கல் மேல் ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. இத்தனைக்கும் அதற்குப் பொட்டு வைத்தவளே நான்தான். நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

பிறகு சந்தாபுராவிலிருந்து ரேணுகா என்றொரு பெண் வந்தாள். அங்கே ஒரு சின்ன மருந்துக் கம்பெனியில் எடைக்கற்கள் அவள் பொறுப்பு. நான் தவறு என்று எழுதிய எட்டுக் கற்களில் ஒன்று அவளுடையது; அதைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். கண்டபடி கையாண்டு கல்லைத் தேய்த்துவிட்டாள் என்று சொல்லி, சூப்பர்வைசர் அவளை வேலைக்கு வர வேண்டாம் என்றிருக்கிறார். கன்னடமும் தமிழுமாகக் கலந்து மெதுவாகத்தான் கேட்டாள்.

“அக்கா, நன்ன கல்லு சரியா இதெ. உங்க கல்ல ஒந்து சல, ஒரு தடவ பாருங்கக்கா.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “எங்க கல்லு தப்பாதும்மா. சர்டிஃபிகேட் இருக்கு.” சொல்லி முடிக்கும்போதே எனக்கு உன் குரல் கேட்டது. உன் பஜனைக் கூட்டத்தில்கூட யாரும் இவ்வளவு பக்தியோடு பேசியிருக்க மாட்டார்கள். நீ சொன்னதில் பாதி உண்மை, அண்ணா. ஒப்புக்கொள்கிறேன்.

மீதிப் பாதிக்கு வா. அவளை உட்கார வைத்துவிட்டு, சரிபார்க்கவென்றே பூட்டி வைத்திருக்கும் இன்னொரு ஒரு கிராம் கல்லை எடுத்து, என் கல்லோடு ஒப்பிட்டேன். என் கல்தான் கனம். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அதன் கழுத்து இடுக்கில் காய்ந்த சந்தனமும் சிவப்பாக ஒரு கோடும். ரேணுகாவின் கல் சுத்தமாகச் சரி.

நீ கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதில். மேலே யார் என்று கேட்டாயே, மேலே இருப்பவரின் கல்லும் சோதனைக்கு வந்தாக வேண்டும். யாரென்றே தெரியாத ஒரு பெண் வந்து ‘உன் கல்லைப் பார்’ என்றால் நான் பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும். உன் குருசாமியிடம் யாராவது அப்படிக் கேட்டுவிட்டு மாலையோடு வெளியே வர முடியுமா? நான் நம்புகிறேன், ஆமாம். ஆனால் என் நம்பிக்கையைத் திறந்து காட்டச் சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. அந்த உரிமை இல்லாத இடத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

நீ சும்மா இருக்க மாட்டாய் என்று தெரியும். ‘உன் மேனேஜரும் அதே சயின்ஸ்தானே படித்தார், அவர் ஏன் திறக்கச் சொல்லவில்லை?’ என்பாய். உண்மைதான். கல்லைக் கழுவி வைத்துவிட்டு வாயை மூடிக்கொள் என்றுதான் அவர் சொன்னார். எங்கள் பெயர் போய்விடுமாம். அப்படியானால் என்னைத் திறக்க வைத்தது எது? படிப்பா, அந்தப் பெண்ணின் முகமா, அல்லது அம்மா நம் இருவரையும் வளர்த்த விதமா? எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

எட்டு இடங்களுக்கும் நானே கடிதம் எழுதினேன். தவறு உங்கள் கல்லில் இல்லை, எங்கள் கல்லில், அதற்குக் காரணம் நான் என்று என் பெயரில் அனுப்பினேன். ரேணுகாவைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லையாம். எனக்கு விசாரணை நோட்டீஸ் வந்தது.

மேனேஜர் கெட்டவர் இல்லை. தப்பிக்க ஒரு வழியும் அவரே எழுதித் தந்திருக்கிறார். அண்ணன் இறந்த துக்கத்தில் புத்தி தடுமாறிவிட்டேன் என்று ஒரு பக்கக் கடிதம். கையெழுத்துப் போட்டால் போதும், இரக்கப்பட்டு விட்டுவிடுவார்கள் என்கிறார்.

பொட்டு வைத்தபோது நான் துக்கத்தில் இருந்தேன், அது நிஜம். ஆனால் எட்டுப் பேரைத் தவறு என்று எழுதியபோது நான் அழுதுகொண்டிருக்கவில்லை. நூறு சதவீத நிச்சயத்தோடு இருந்தேன். குற்றம் அந்த நிச்சயத்தில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை அதை அவர்கள் முகத்துக்கு நேராகச் சொல்வேன். வேலை போனால் போகட்டும். உன் சாவைச் சாக்காக எழுதிக் கொடுத்து நான் பிழைக்க மாட்டேன், அண்ணா.

இது சத்தியம். யார் மேல் சத்தியம் என்று மட்டும் கேட்காதே.

உன்னோடு சண்டை இன்னும் முடியாத உன் தங்கை,
செல்வி