கன்னையாவின் முன்பணம்

ஜூன் 11, 2025. புதன்

ஆவணிக்கு இன்னொரு கல்யாணம் புக் ஆகிவிட்டது. நகரியில் விசைத்தறி வைத்திருக்கும் கன்னையா, மகள் தரணியை அழைத்துக்கொண்டு எங்கள் போட்டோ ஸ்டுடியோவுக்கு வந்தார். மாப்பிள்ளைக்கு நாயுடுபேட்டையில் கம்பெனி வேலை. அறுபதாயிரம் முன்பணம். ரசீதின் அடியில் 'முன்பணம் திருப்பித் தரப்படமாட்டாது' என்று என் கணவர் முரளி போன வருடம் சேர்த்த வரியைக் கன்னையா கண்ணாடி போட்டுப் படித்தார்.

"திரும்பக் கேக்க இன்னாமா இருக்குது" என்று சிரித்தார்.

ஜூன் 19

அந்த அறுபதாயிரமும் புது லென்ஸுக்குப் போயிற்று.

ஜூன் 26

ஜி.எஸ்.டி. வரி ஆபீஸிலிருந்து நோட்டீஸ். இரண்டு வருடமாக எங்கள் வங்கிக் கணக்கில் வந்த பணம் ஒன்று, நாங்கள் காட்டியது ஒன்றாம்.

"ஆல்பம் குடுக்கறப்போ பில் போடுறோம், வரி கட்டுறோம். இதுல இன்னா தப்பு?" என்றார் முரளி.

எனக்கும் அதுதான் தெரியும். ஆனாலும் ஆடிட்டருக்குப் போன் செய்து, பார்க்க நாள் கேட்டேன்.

ஜூலை 2

திருப்பதி போய் ஆடிட்டர் ஜெயபிரகாஷைப் பார்த்தேன். முரளி வரவில்லை. நோட்டீஸை இரண்டு முறை படித்துவிட்டு ஆடிட்டர் சொன்னார்:

"சாமான் விக்கிறவங்களுக்கு அட்வான்ஸ் மேல வரி இல்லம்மா. நீங்க பண்றது சர்வீஸ். பணம் கைக்கு வந்த மாசமே வரி காட்டணும்."

"ஆல்பமும் நாங்கதானே சார் தர்றோம்? அது சாமான் இல்லியா?"

"ஜனங்க உங்ககிட்ட வர்றது படம் எடுக்க. ஆல்பம் அதோட சேர்ந்தது."

கல்யாணம் நின்றுபோனவர்களின் முன்பணம்? நாமே வைத்துக்கொண்டால் அதற்கும் வரி உண்டாம். திருப்பிக் கொடுத்தால், வாங்கியவரின் கையெழுத்தோடு ரிஃபண்ட் வவுச்சர் எழுதி அந்த வரியைக் கழித்துக்கொள்ளலாமாம்.

வீட்டுக்கு வந்து அலமாரியை எண்ணினேன். மீதிப் பணம் கட்டி எடுத்துப்போக யாரும் வராத ஆல்பங்கள் முப்பத்தொன்று. ஒன்றுக்கும் பில் போடவில்லை. முன்பணத்தை மட்டும் சாப்பிட்டுவிட்டோம். வரி, வட்டி, அபராதம் எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்துக்கு மேல் வரும் என்கிறார் ஆடிட்டர்.

ஜூலை 18

தரணியைக் கட்ட இருந்த பையன் போய்விட்டான். சுதீர் என்று பெயர். நாயுடுபேட்டை ஹைவேயில் லாரி மோதி — இருபத்தெட்டு வயது.

ஜூலை 30

கன்னையா வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சத்திரக்காரங்க பாதி குடுத்துட்டாங்க. சமையல்காரர் முழுசா குடுத்துட்டாரு. நீங்க பார்த்து எதுனா…"

முரளி ரசீது நகலை எடுத்து மேஜைமேல் வைத்தார். அந்த வரியைக் காட்டக்கூட இல்லை, வைத்தார், அவ்வளவுதான். கன்னையா அதைத் தொடவில்லை. "சரி நைனா" என்று படி இறங்கிப் போனார்.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? கம்ப்யூட்டரில் யாரோ ஒரு மணப்பெண்ணின் கன்னத்துப் பருவை அழித்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை.

ஆகஸ்ட் 5

திருப்பிக் கொடுக்கலாம் என்றேன்.

"அந்தத் தேதிக்கு வந்த இன்னொரு பார்ட்டிய வேணாம்னு அனுப்பினோம். அந்த நஷ்டத்த யாரு குடுப்பாங்க? வரி கட்டவே பணம் இல்லாம செத்துக்கினு இருக்கோம், மஞ்சு!"

அவர் சொல்வதும் பொய்யில்லை.

ஆகஸ்ட் 12

ஆடிட்டருக்குப் போன் செய்தேன். கன்னையா பணத்தைக் கொடுத்துவிட்டால் எவ்வளவு வரி குறையும் என்று கேட்டேன். ஒன்பதாயிரத்து நூற்றைம்பத்திரண்டு.

அதைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும்.

ஆகஸ்ட் 14

வளையலை அடகு வைத்துப் பணத்தை எடுத்துக்கொண்டு கன்னையா வீட்டுக்குப் போனேன். முரளியிடம் சொல்லவில்லை. தறி ஓடிக்கொண்டிருந்தது, என்னைப் பார்த்ததும் நிறுத்தினார். பணத்தை எண்ணாமலே என்னைக் கும்பிட்டார். "உனக்கு நல்ல மனசும்மா" என்றார்.

நான் பையிலிருந்து வவுச்சரை எடுத்துக் கையெழுத்துக் கேட்டேன்.

"இது இன்னாத்துக்கு?"

"வரிக்கு…"

வாசற்படியில் நின்ற தரணி என்னையும் அந்தக் காகிதத்தையும் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் பேனா கொண்டுவந்து கொடுத்தாள்.

ஏன் அந்தக் காகிதத்தை இன்னொரு நாள் கேட்டிருக்கக் கூடாது? ஒரு வாரம் கழித்து? அவர் கும்பிட்ட கை இறங்குவதற்குள்ளா கேட்பது?

ஆகஸ்ட் 15

முரளிக்குத் தெரிந்துவிட்டது. கத்தவில்லை. தன் தலையணையை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போய்விட்டார்.

செப்டம்பர் 22

இரண்டு கேமராவையும் ட்ரோனையும் சூளூர்பேட்டை ஸ்டுடியோக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டார். பாதி விலைதான். வரி கட்டியாயிற்று.

அக்டோபர் 3

கடையைக் காலி செய்தோம். முப்பத்தொரு வீட்டுக்கும் போன் செய்து, மீதிப் பணம் வேண்டாம், ஆல்பத்தை எடுத்துப் போங்கள் என்றேன். ஒன்பது பேர் வந்தார்கள்.

நவம்பர் 20

திருப்பதியில் ஒரு ஸ்டுடியோவில் சம்பளத்துக்குச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. முரளி சித்தூரில் ஒரு வீடியோக்காரரிடம் தினக்கூலிக்குப் போகிறார். வாரத்துக்கு ஒருமுறை வருகிறார், துணி மாற்றிக்கொண்டு போகிறார்.

இன்றைக்கு ஒரு காலேஜில் அடையாள அட்டைக்காக முந்நூற்றுப் பன்னிரண்டு பேரைப் படம் எடுத்தேன். யாரும் சிரிக்கக் கூடாது, சிரித்தால் அட்டைக்கு ஆகாதாம். எனக்கும் அது சௌகரியமாக இருந்தது.

நடுவில் முரளி போன் செய்தார். பின்னால் லாரிச் சத்தம் கேட்டது.

"துன்னியா?" என்றார்.

மூன்று மாதத்துக்குப் பிறகு இதைக் கேட்கிறார்.

"துன்னேன்" என்றேன். இன்னும் சாப்பிடவில்லை.