புளிக்கு மசியாத செம்பு

மதினி,

சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவியும் விரலிடுக்கில் செம்பு வாசம் போகவில்லை. உன் வீட்டுத் தண்ணிக்குடத்தைத் தேய்த்த அன்றைக்கெல்லாம் இப்படித்தான் அடிக்கும். அந்த வாசம்தான் உன்னை நினைவுக்குக் கொண்டுவந்தது.

ஊருக்குத்தான் நீ என் அண்ணன் பெண்டாட்டி. நமக்குள் நீ, நான்தான். கேள். உன் மகளுக்கும் என் மகனுக்கும் பிறந்தாளே, நம் பேத்தி, அவளுக்கு வயிற்றைக் கீறிப் பெண்பிள்ளை எடுத்திருக்கிறார்கள். நீ கிடந்த அதே தேனி ஆஸ்பத்திரியில்தான். வேண்டாம் என்று தலைபாடாய் அடித்தேன், யாரும் கேட்கவில்லை. கீறல் சீழ் பிடிக்காமல் அவள் நம் கூடலூர் வந்து சேர வேண்டும். அது ஒன்றுதான் என் கவலையாக இருந்தது.

இப்போது வாசலெல்லாம் கண்ணாடி. கட்டிலுக்குச் செம்புக் கம்பி. ஆனால் தொட்டால் ஒட்டுகிறது. பிளாஸ்திரிப் பசை, அதில் எவளுடைய முடியோ, காய்ந்துபோன சோற்றுப் பருக்கை. சேலை முந்தியால் துடைக்கப் போனேன்.

"பாட்டி, இது செம்பு. கிருமி ஒட்டினா தானாச் செத்துரும். நீங்க தொடைக்க வேணாம்" என்றாள் நர்சுப்பிள்ளை.

"செத்ததை யாரு ஆத்தா அள்ளுவா?"

சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை கை படும் செம்பு கறுக்காமல் எப்படிப் பளபளக்கும்? பஸ்ஸில் வாந்தி வராமல் இருக்க முந்தியில் முடிந்திருந்த புளியை எடுத்துக் கம்பியில் தேய்த்தேன். செம்பாக இருந்தால் தேய்த்த இடம் உடனே சிவந்து வெளுக்கும், உனக்குத் தெரியாததா? இது அசையவில்லை. நகத்தால் கீறினேன். பல்லி உரித்த தோல் மாதிரி மெல்லிசாக ஒன்று சுருண்டு வந்தது.

மேனேஜரைக் கூப்பிட்டு வரச் சொன்னேன். "கறுத்துப் போகுதுன்னு பாக்க வந்தவுக சொன்னாக, வார்னிஷ் அடிச்சோம் பாட்டி. லட்சணமா இருக்கணும்ல?" என்கிறான்.

"சட்டை போட்டு மூடினா செம்பு எப்படிடா கிருமியக் கொல்லும்?"

போனில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நழுவிவிட்டான்.

அன்றைக்கு உன் கட்டில் கம்பி வெறும் இரும்பு. ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்பிலிருந்து விழுந்து, கால் ஒடிந்து, சதை கிழிந்து கிடந்தாய். அந்த வார்டுக்காரி தரை துடைத்த துணியாலேயே கம்பியைத் துடைத்தாள், அதே துணியால் உன் தட்டு வைக்கும் பெட்டியையும் துடைத்தாள். நான் கேட்டதற்கு, "அரமனைன்னு நெனப்பா?" என்றாள். நீதான் என் கையைப் பிடித்து, "விடுத்தா, அவளப் பகைச்சா நாளைக்கு யாரு மலச்சட்டி எடுப்பா?" என்றாய். விட்டேன். நாலாம் நாள் உன் கட்டு நாறியது. பிறகு நீ வீட்டுக்கு நடந்து வரவில்லை.

நீ போய்ச் சேர்ந்து பதினோரு வருஷமாகிறது. அந்த வார்டுக்காரியைப் பஸ்ஸில் பார்த்தால் இன்றைக்கும் எழுந்து வேறு சீட்டுக்குப் போகிறேன்.

ஆனால் ஒன்றை யாரிடமும் சொன்னதில்லை. நாறுவதற்கு முன் ஒருநாள் உன் கட்டு நழுவி இறங்கியது. அந்தக் கம்பியைப் பிடித்திருந்த கையோடு அதை இழுத்து மேலே ஏற்றிவிட்டது நான். கழுவவில்லை. கழுவ வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை.

இந்தத் தரம் பேத்தியையும் பிள்ளையையும் வராந்தாவுக்கு அனுப்பிவிட்டு, மகனை உப்புத்தாள் வாங்கிவரச் சொல்லி, அவள் எழுந்திருக்கப் பிடிக்கும் இடத்தில் வார்னிஷைச் சுரண்டித் தள்ளினேன். மறுபடி புளி போட்டேன். குடம் மாதிரியே சிவந்தது. அதை நம்பியும் உட்காரவில்லை. காலையும் மாலையும் சோப்புத் தண்ணீரால் துடைத்தேன். பார்க்க வந்தவர்களையெல்லாம் கை கழுவ விரட்டினேன். உன் மகளே, "அத்தைக்குப் பித்துப் பிடிச்சிருச்சு" என்றாள்.

இன்று தையல் பிரித்தார்கள். டாக்டர் குனியும் முன் நான் குனிந்து முகர்ந்தேன். நாற்றமில்லை. காய்ந்திருக்கிறது.

பிள்ளையை மடியில் போட வந்தார்கள். "பொறுங்க" என்று மறுபடி கழுவப் போனேன். எத்தனை கழுவினாலும், மதினி, உன் கட்டை இழுத்துவிட்ட கைதானே இது.