முட்டையா, பலத்தூளா

1932 மார்ச் 4, வெள்ளி

என்னோடு படிக்கும் புஷ்பத்தின் அப்பா முத்துவீரன் இன்று எங்கள் கடைக்கு வந்தார். காய்ச்சல் விட்டும் ரப்பர் பால் வாளியைத் தூக்கினால் கை நடுங்குகிறதாம். இந்த மாதத்துக்குள் இரண்டு வாளியும் சுமக்காவிட்டால் பத்துச்சீட்டைக் கொடுத்துத் தோட்டத்தை விட்டே அனுப்பிவிடுவதாகக் கங்காணி சொல்லியிருக்கிறார். பக்கத்து லயத்து வரிசைவீட்டுக் காத்தமுத்துவுக்கும் அதே காய்ச்சல், அதே கெடு. இருவரும் ஆளுக்கு இரண்டு முட்டையிடும் கோழிகளைக் கொடுத்து என் வாப்பாவிடம் பலத்தூள் வாங்கினார்கள்.

"கருவாடு தொடப்படாது. புளி தொடப்படாது. இருபத்தொரு நாள் பத்தியம். பொறகு வாளி என்ன, கங்காணியையே தூக்குவீங்க" என்றார் வாப்பா. எல்லாரும் சிரித்தார்கள்.

டப்பாவில் இரும்புக் குண்டு தூக்கும் ஒருவன் படம். அவன் இதைத்தான் தின்றான் என்று யார் கண்டது?

மார்ச் 7

தூளை நாக்கில் வைத்துப் பார்த்தேன். வறுத்த அரிசி மா, கொஞ்சம் சுக்கு. வேறொன்றும் தெரியவில்லை. இதில் என்ன இருக்கிறது என்று வாப்பாவிடம் கேட்டேன்.

"கொழும்புல இருந்து வாற சாமான். பொம்புளப் புள்ளைக்கு என்னத்துக்கு அந்தக் கதை? இதுக்கா இஸ்கூலுக்கு அனுப்பினேன்?"

அதற்கு மேல் கேட்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிடலாம் என்று அவர் உம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்திருக்கிறது. நான் இதையெல்லாம் எழுதும் இந்தக் கொப்பி கிடைத்தால் நாளைக்கே நிறுத்திவிடுவார்.

மார்ச் 9

உம்மா முட்டை பொரித்துத் தந்தார். முத்துவீரன் கொடுத்த கோழி இட்டது. தட்டை நகர்த்திவிட்டேன்.

புஷ்பம் வீட்டில் இப்போது சோறும் கீரையும்தானாம். பத்தியத்தில் கருவாடு போனது. கோழியோடு முட்டை எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. பிறகு பலம் எதிலிருந்து வரும்?

மார்ச் 10

கூட்டிலிருந்து இரண்டு முட்டை எடுத்தேன். துணியில் சுற்றிப் புத்தகப் பையில். புஷ்பத்திடம், "அவிச்சு அப்பாக்குக் குடு. தூளோட சேத்துத் திங்கோணுமாம், வாப்பா சொன்னார்" என்றேன். பொய்தான். சொல்லாவிட்டால் பத்தியம் முறியும் என்று அவர் தொடமாட்டார்.

மார்ச் 16

"கோழி ஏன் இப்பக் குறைச்சு இடுது? கீரி வருதோ?" என்று உம்மா கேட்டார். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார் — ஏன் என் முகத்தை? தெரிந்துவிட்டதோ?

நாலு எடுக்க முடியாது. காத்தமுத்துவுக்கு ஒன்றும் இல்லை.

மார்ச் 22

இன்றும் இரண்டு.

மார்ச் 25

இருபத்தோராம் நாள். முத்துவீரன் இரண்டு வாளியும் சுமந்துவிட்டார். காத்தமுத்து ஒரு வாளியோடு பாலத்தடியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பத்துச்சீட்டு.

ஒரே காய்ச்சல், ஒரே தூள், ஒரே பத்தியம். முட்டை மட்டும்தான் வேறு. அல்லது உடம்பே வேறா? இரண்டு பேரை வைத்து நான் எப்படி முடிவு சொல்ல?

வாப்பாவுக்குச் சந்தேகமே இல்லை. "கள்ளன், கருவாடு திண்டிருப்பான்" என்றார். பலம் வந்தால் தூளால் வந்தது. வராவிட்டால் பத்தியம் முறிந்தது. தூள் ஒருநாளும் தோற்காது.

மார்ச் 27, ஞாயிறு

மூன்று பேர் கோழியோடு வந்தார்கள். முத்துவீரன் சுமந்ததைப் பார்த்துத்தான். அதாவது, என் முட்டையைப் பார்த்து. பிள்ளை பெற்று எழும்பிய இலட்சுமி அக்காவின் இடுப்பில் அவருடைய ஒரே கோழி.

கடைக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள திரைக்குப் பின்னால் நின்ற நான் எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. "முத்துவீரனுக்கு நான் முட்டை குடுத்தேன். வெறும் தூள் திண்ட காத்தமுத்து விழுந்திட்டார். கோழியக் குடுக்காதீங்க."

வாப்பா அடிக்கவில்லை. "உள்ளுக்குப் போ" என்று மெல்லச் சொன்னார். அப்படி மெல்லச் சொன்னதுதான் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 5

பள்ளிக்கூடம் நின்று எட்டு நாள். காத்தமுத்து குடும்பத்தோடு போய்விட்டாராம், எங்கே என்று யாருக்கும் தெரியாது. புஷ்பம் வாசல்வரை வந்தாள். உம்மா திருப்பி அனுப்பிவிட்டார்.

இன்று கடையில் யாரோ ஒருவர், "முதலாளி, தூள் வேணாங்க. முட்டை இருந்தா ரெண்டு குடுங்க" என்றார்.

பிறகு வாப்பா திரையை விலக்கி, என் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினார்.

"பெருசாப் பாத்து எடு" என்றார்.