அத்தானுக்கு வைத்த நெஞ்சுத்துண்டு

நவம்பர், சனிக்கிழமை இரவு

இன்று டோர்ட்மண்டுக்கு வெளியே என் முதல் காட்டுக்கோழி வேட்டை. சன்னங்கள், அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள், எவ்வளவு விரிந்து பாய வேண்டும் என்பதைத் துவக்கு முனையில் மாட்டும் சோக் குழாய்தான் தீர்மானிக்கும்; எந்தச் சோக் நல்லதென்று அக்காவின் கணவரிடம் நேற்றே கேட்டிருந்தேன்.

"இறுக்கமான சோக்கும் பெரிய சன்னமும் போடு பிள்ளை, அப்பதான் விழும்" என்றார் அத்தான்.

கோழி என் காலடியிலேயே எழும்பியது. சன்னங்கள் விரிய இடமில்லாமல் மொத்தமாகப் பாய்ந்து அதைக் கிழித்துவிட்டன. தன் துவக்கில் அகலச் சோக் போட்டிருந்த அத்தான் எல்லோர் முன்னிலையிலும் சிரித்தார்.

"மச்சாள் கொத்திறைச்சியாவே சுட்டுப்போட்டா!"

நாளை அவருக்கு இங்கே விருந்து. "கட்டாயம் வாறன்" என்றார். அந்தக் கோழியின் கறிதான் கொதிக்கிறது. நெஞ்சுத்துண்டை அவருக்கென்றே ஒதுக்கியிருக்கிறேன். அதிலிருந்து ஓர் இரும்புச் சன்னத்தைக்கூட நான் பொறுக்கவில்லை. போன மாதம்தான் அத்தான் கடைவாய்ப் பல் கட்டினார்.