ஜோதியின் கார் நம் போர்டிகோவில் நின்ற நாட்கள்

நாமக்கல்

அன்பு அம்மிணி நிலாவுக்கு அம்மா எழுதுவது. நான் சுகமாகத்தான் இருக்கிறேன், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க நம் ஊர் ஆஞ்சநேயரைத்தான் வேண்டிக்கொள்கிறேன்.

கரண்டு பில் ஏன் இவ்வளவு ஏறியது என்று கேட்டாயே, போனில் சொல்ல வாய் வரவில்லை. அப்பா போன பிறகு அவருடைய எலக்ட்ரிக் காரை விற்றோமல்லவா, சார்ஜர் மட்டும் போர்டிகோச் சுவரிலேயே இருந்தது. பின்தெருவில் வாடகைக்கு இருக்கும் ஜோதிக்குச் சேலத்தில் கல்லூரி வேலை, பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை என்று அவளும் எலக்ட்ரிக் கார் வாங்கினாள். அவளுக்கு வாடகைக்கு விட்ட வீட்டுச் சொந்தக்காரர் நாச்சிமுத்து, வயர் சூடாகி வீடு பற்றிக்கொள்ளும் என்று சார்ஜர் வைக்க விடவில்லை. பைபாஸில் இருக்கிற சார்ஜ் ஸ்டேஷனில் போட்டால் வீட்டுக் கரண்டைப்போல் மூன்று பங்கு ஆகிறது, இதற்குப் பழைய வண்டியே தேவலாம் என்று புலம்பினாள். நம் வீட்டில் போட்டுக்கொள் என்றேன். ஆன கரண்டுக்குப் பணம் கொடுத்தும் விடுவாள். சாயங்காலம் வண்டியை மாட்டிவிட்டு என்னோடு டீ குடிப்பாள், கல்லூரிப் பிள்ளைகள் அடிக்கிற கூத்தைச் சொல்லிச் சிரிக்க வைப்பாள், பிறகு நடந்து வீட்டுக்குப் போவாள். காலையில் வண்டி எடுக்க வரும்போது இன்னொரு தரம் முகம் பார்ப்பேன்.

இப்போது அவள் மாசமாக இருக்கிறாள். ஐப்பசி மழையில் இங்கிருந்து நடந்து போனவள் சேற்றில் வழுக்கி விழுந்துவிட்டாள். பயமில்லை என்று டாக்டர் சொன்னார். மறுநாளே நாச்சிமுத்து வீட்டுக்குப் போனேன். அவர் அதே தீக்கதையைச் சொன்னார். "எங்க ஊட்டுல மூணு வருசமா ஓடுதுங்க, வந்து சுவத்துல கை வெச்சுப் பாருங்க. புள்ளத்தாச்சி சேத்துல நடக்குறது உங்களுக்குப் பயமில்லீங்களா?" என்று கேட்டேன். அடுத்த நாள் எலக்ட்ரீசியனோடு வந்து நம் சுவரைத் தொட்டுப் பார்த்தார். அவள் வீட்டிலேயே தனி வயர் இழுக்கச் சம்மதித்துவிட்டார்.

நல்ல காரியந்தான் செய்தேன் அம்மிணி. அதோடு அவளுக்கு இங்கே வர வேலையும் இல்லாமல் போயிற்று. களைத்து வருகிறவளை டீ குடிக்க வா என்று கூப்பிட மனம் வரவில்லை. அந்தக் கார் சத்தமே போடாது, அதனால் ஜன்னலோரமே உட்கார்ந்திருக்கிறேன், பின்தெருவுக்குத் திரும்பும்போது கை காட்டிவிட்டுப் போவாள்.

வெளியே போகும்போது காதை மூடிக்கொள், ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்று வைத்துவிடாதே சாமி. பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் போனை அப்படியே பக்கத்தில் வைத்துக்கொள், நீ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டால்கூட எனக்குப் போதும்.

இருவரும் நிறைந்த ஆயுளோடு இருக்க வாழ்த்தும்
அம்மா பெருமாயி