மழை நாளில் காய்ந்த மிளகாய்

லாத்தா,

புது லேபிளின் மாதிரி அச்சகத்திலிருந்து வந்து மூன்று நாளாகிறது. மோர் மிளகாய்ப் படம், அதற்குக் கீழே பழைய லேபிளிலேயே நீங்கள் பிடிவாதமாகப் போடவைத்த அந்த வரி: 'வெயிலில் மட்டும் காயவைத்தது.' சரி என்று ஒரு வார்த்தை அனுப்பினால் அச்சடித்துவிடுவார்கள். இரண்டு முறை போன் பண்ணிக் கேட்டுவிட்டார்கள். நான் ஜன்னலுக்குப் போகிறேன், வந்து உட்காருகிறேன், அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோகிறேன். உங்களிடம் சொல்லாமல் இதை முடிக்க முடியாது போலிருக்கிறது.

விமானப் பயணிகளுக்குச் சாப்பாடு கட்டும் கூடத்தில் பதினோரு வருடம் பக்கத்துப் பக்கத்தில் நின்றோம். தலையில் வலை, கையில் உறை, முகத்தில் கண் மட்டும்தான் தெரியும். உங்கள் தங்கை கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு நானும் அக்கா என்று சொல்லாமல் லாத்தா என்றே கூப்பிடப் பழகினேன். மூன்று வயதுதான் மூத்தவர், அதற்கே அத்தனை அதிகாரம். அந்த வேலையை விட்ட கையோடு, உட்லண்ட்ஸ் தொழிற்பேட்டையில் மேல்மாடியில் ஒரு சின்ன யூனிட் எடுத்தோம். மொட்டைமாடியில் கண்ணாடி மூடி போட்ட ஒரு பெரிய பெட்டி, உள்ளே காற்றாடி, அதைச் சுழற்ற ஒரு சோலார் தகடு. விற்றவர் அதற்கு ஏதோ நீளமாகப் பெயர் சொன்னார். நீங்கள் வெயில் பெட்டி என்றீர்கள், அதுவே நிலைத்துவிட்டது.

"மழை வந்தா என்ன பண்றது லாத்தா?"

"விட்டதும் காயப்போடுவோம் லா. நீ ஏன் இப்படிப் பறக்கிற?"

பறக்கத்தான் செய்தேன். இந்தச் சிங்கப்பூர் வானத்தை நம்பி யார் தொழில் வைப்பார்கள்? புக்கிட் பாத்தோக்கில் என் அடுக்குமாடி புளோக்குக்கு மேல் கொட்டும்போது, பாசிர் ரிஸில் உங்கள் வீட்டுத் துணி காய்ந்துகொண்டிருக்கும். அதனால் தினமும் காலையில் உட்லண்ட்ஸில் இருக்கும் தங்கைக்குப் போன் போடுவீர்கள். "அங்க எப்படி?" அவ்வளவுதான், வேறு நலம் விசாரிப்பே கிடையாது. அவர் வெயில் என்று சொன்ன பிறகுதான் மிளகாய் மோரிலிருந்து வெளியே வரும்.

ஒரு மின்சார ஹீட்டர் வாங்கி வைப்போம் என்று நான் சொன்ன அன்றைக்குப் பெரிய சண்டை. "ஊர்லேருந்து வர்ற மோர் மிளகாய் நம்மளதவிட சீப்பு. வெயில விட்டா நம்மகிட்ட வேற என்ன இருக்கு?" என்றீர்கள். ஆனாலும் ஹீட்டரை வாங்கி, அட்டைப்பெட்டியைப் பிரிக்காமல் அலமாரிக்குப் பின்னால் வைத்தேன்.

நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த டிசம்பரில்தான் தேக்கா சந்தைக் கடையிலிருந்து நமக்கு முதல் பெரிய ஆர்டர் வந்தது. மோரில் ஊறிய மிளகாயைப் பெட்டியில் பரப்பினேன். நாலு நாள் விடாத மழை. மிளகாய் பிசுபிசுவென்று கிடந்தது. இன்னும் ஒரு நாள் விட்டால் பூசணம் பிடித்து மொத்தமும் குப்பைக்குப் போயிருக்கும். ஹீட்டரை எடுத்துச் செருகினேன். கை நடுங்கியது என்றெல்லாம் உங்களிடம் கதை விட மாட்டேன். நிம்மதியாகத்தான் இருந்தது.

காய்ந்ததில் ஒரு பாக்கெட்டை உங்களுக்கு எடுத்துவந்தேன். உங்கள் கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலில் மழை அடித்துக்கொண்டிருந்தது.

"உட்லண்ட்ஸ்ல வெயிலா?"

"நல்ல வெயில், லாத்தா. இங்கதான் இப்படி."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். நீங்கள் ஒரு மிளகாயை எடுத்துக் காதருகில் ஆட்டினீர்கள். உள்ளே விதை சலசலத்தது. "நல்லா காஞ்சிருக்கு" என்றீர்கள். பிறகு அதை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டு, "இத நீயே வச்சுக்க" என்றீர்கள். அடுத்த வாரம் நீங்கள் இல்லை.

அதற்குப் பிறகு மழை வந்தபோதெல்லாம் ஹீட்டரைச் செருகினேன். பழகிவிட்டது. இப்போது தேக்கா கடைக்காரர் இரண்டு மடங்கு கேட்கிறார். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுத்தான் வாங்குகிறார்களாம்.

போன வெள்ளிக்கிழமை உங்கள் தங்கை யூனிட்டுக்கு வந்தார். மிளகாய்க் காம்பை நறுக்கிக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னார்: "லாத்தாவுக்குக் கடைசி வரைக்கும் இதே நெனப்புதான். பாக்கெட் எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனீங்கல்ல, அன்னைக்குக் காலையில கூட போன் பண்ணி அங்க எப்படின்னு கேட்டாங்க. நாலு நாளா வெயிலே இல்லன்னு சொன்னேன்."

நான் வாயைத் திறப்பதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கோபமாக வருகிறது லாத்தா. மூடி சரியாக ஒட்டாத ஒரு சாப்பாட்டுத் தட்டுக்காக என்னை அரை மணி நேரம் திட்டியவர் நீங்கள். இதற்கு ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா? திட்டு வாங்கியிருந்தால் அன்றைக்கே அழுது முடித்திருப்பேன். மன்னித்துவிட்டீர்களா, பேசத் தெம்பில்லாமல் விட்டுவிட்டீர்களா என்று தெரியாமல் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறேன்.

அந்த மிளகாய் இன்னும் என் பர்ஸில்தான் இருக்கிறது. சற்று முன்னால் எடுத்துக் காதருகில் ஆட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை. இத்தனை நாள் ஈரக்காற்றில் விதையெல்லாம் ஒட்டிப்போயிருக்கிறது.

அச்சகத்துக்கு எழுதிவிட்டேன்: 'வெயில் நாளில் வெயிலில், மழை நாளில் மின்சாரத்தில் காயவைத்தது.' பழைய பாக்கெட்டுகளையும் சேர்த்துக் கடைக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப ஊர் மிளகாய்க்கும் இதுக்கும் என்னம்மா வித்தியாசம்?" என்று நீங்கள் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டார். ஆர்டர் போனாலும் போகும்.

மிளகாயைத் திரும்பப் பர்ஸில் வைத்துக்கொண்டேன். தங்கைக்குப் போன் போட்டு, "அங்க எப்படி?" என்று கேட்டேன்.

உட்லண்ட்ஸில் மழையாம், லாத்தா. அன்றைக்கும் மழைதான்.